தாயில்பட்டியில் தள்ளிக்கொண்டு வந்த வண்டி

தாயில்பட்டியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். தெருமுனைத் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நானும் கணேசனும் நின்றுகொண்டிருந்தோம். எதிரே நீளமான தெரு. அதன் கடைசி வீட்டிலிருந்து ஒருவர் கறுப்பு மோட்டார் சைக்கிள் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

ஓட்டிக்கொண்டு அல்ல. தள்ளிக்கொண்டு.

நல்ல வெயில். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. டயருக்கடியில் சரளைக்கல் நொறுங்கும் சத்தம் எங்கள் வரைக்கும் கேட்டது. நடுத்தெருவில் படுத்திருந்த நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இதற்கெல்லாம் எழுந்திருக்க வேண்டியதில்லை என்று மறுபடி படுத்துக்கொண்டது. அவரும் அவசரப்படவில்லை. தெரு முழுவதையும் தள்ளியே கடந்தார்.

கணேசன் என் காதருகே குனிந்தான்.

"சார், பாத்தீகளா?"

"பாத்தேன்."

"வண்டி விக்கிறவன் ஆளு வந்து நிக்கும்போதாவது ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுவான். இவரு தள்ளிக்கிட்டு வாராரு. இதுக்கு மேல என்னத்தப் பாக்க?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பழைய வண்டியை எடைபோடுவதில் என் மூளை எவ்வளவு வேகமாக, எவ்வளவு உறுதியாக, எவ்வளவு தப்பாக வேலை செய்யும் என்பதற்கு அந்த மதியம் ஒரு சாட்சி.

ராசி இல்லாதவன்

எனக்குச் சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. தினமும் கிழிக்கிறோமே, அந்தத் தாள் காலண்டர். நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், அடியில் பொடி எழுத்தில் பன்னிரண்டு ராசிக்கும் ஒற்றை வார்த்தையில் பலன். ‘நன்மை’, ‘தடை’, ‘வரவு’, ‘கவனம்’. அம்புட்டும் என் கண் வழியாகத்தான் போகும்.

நான் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். ஊருக்கெல்லாம் ராகு காலம் சரிபார்த்துக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுவேன். எனக்கு ராசி கிடையாது. ஞானஸ்நானம் கொடுத்தபோது யாரும் நட்சத்திரம் குறித்து வைக்கவில்லை. அதில் ஒரு வசதி இருக்கிறது. அன்றைக்கு எந்த ராசிக்கு நல்லதாகப் போட்டிருக்கிறதோ, அன்றைக்கு நான் அந்த ராசி.

கணேசன் எங்கள் அச்சகத்தில் ஆஃப்செட் மெஷின் ஓட்டுகிறவன். எதிர் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டே, "மூணாவது யூனிட்ல எண்ணெய் வத்திருச்சு" என்பான். போய்ப் பார்த்தால் வற்றியிருக்கும். இப்பேர்ப்பட்ட காது இருக்கும்போது மோட்டார் சைக்கிள் எம்மாத்திரம் என்று அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். பிறகுதான் புரிந்தது, பல் டாக்டரை மாட்டுக்குப் பிரசவம் பார்க்கக் கூட்டிப் போன கதை இது என்று.

வண்டி ஏன் வேண்டியிருந்தது என்று சொல்ல வேண்டும். என் மனைவி எஸ்தர் நர்ஸ். பல வருஷம் ஒப்பந்த வேலையில் இருந்து, ஒருவழியாக நிரந்தர உத்தரவு வந்திருந்தது. தாயில்பட்டிக்கு அப்பால் ஒரு கிராமத்து ஆஸ்பத்திரி. நாங்கள் இருப்பது ஆமத்தூரில். காலை டியூட்டிக்குப் போய்ச் சேருகிற மாதிரி பஸ் இல்லை. பட்டாசு கம்பெனி வேன்கள் அந்த வழியாகப் போகும்தான், ஆனால் வெளியாளை ஏற்ற மாட்டார்கள். நம்பி ஏறக்கூடிய ஒரு வண்டி இருந்தால் நான் அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டுச் சிவகாசி திரும்பி என் வேலைக்குப் போகலாம். இல்லையென்றால் அவள் அங்கேயே அறை எடுத்துத் தங்க வேண்டியது. வாரத்துக்கு ஒரு நாள் குடும்பம்.

உத்தரவில் இன்னொரு வரியும் இருந்தது. குறித்த நாளில் முற்பகலுக்குள் பணியில் சேராவிட்டால் ஆணை ரத்து. அந்த வரியில் பிழை இருக்காதா என்று நாலு தடவை பார்த்தேன். இல்லை.

"வண்டிய நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

எஸ்தர் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவள் பார்வைக்குக் காரணம் இருந்தது.

ஹாரனுக்காக வாங்கியது

கல்யாணத்துக்கு முன்னால், விருதுநகரில் இருந்தபோது, நான் வாங்கிய முதல் பழைய வண்டியை அதன் ஹாரனுக்காக வாங்கினேன். அப்படி ஒரு கம்பீரமான ஹாரன். தெப்பக்குளத்துப் பக்கம் அடித்தால் ரயிலடிக்குக் கேட்கும். இன்ஜினைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

அந்த வண்டிக்கு ஒரு பழக்கம். இடது பக்கமாக ஏறக்குறைய தரையில் படுக்கிற அளவுக்குச் சாய்த்து, பத்து எண்ணி, நிமிர்த்தி மிதித்தால்தான் கிளம்பும். அதில்தான் எஸ்தரைப் பெண் பார்க்கப் போனேன். பேச்செல்லாம் நல்லபடியாக முடிந்து, கிளம்பும்போது அவர்கள் வாசலில் வண்டியைச் சாய்த்தேன். பள்ளிக்கூட வாத்தியாரான அவளுடைய அப்பா, மாப்பிள்ளைக்கு மயக்கம் என்று நினைத்துச் செம்புத் தண்ணீரோடு ஓடிவந்து என் முகத்தில் அடித்தார். நான் எண்ணிக்கொண்டிருந்த பத்து, ஆறில் நின்று போனது. மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன். ஜன்னலுக்குப் பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம்.

பிறகு கேட்டதற்கு, அந்தச் சிரிப்பில்தான் சம்மதம் சொன்னதாக எஸ்தர் சொன்னாள். ஆக, அந்த வண்டியிலும் ஒரு லாபம் இருந்தது. ஆனால் வண்டி விஷயத்தில் என் மேல் அவளுக்கு இருந்த நம்பிக்கை அன்றைக்கே தரையில் படுத்தது. இன்னும் நிமிரவில்லை.

குறையைச் சொல்கிறவர்

தாயில்பட்டிக்கு வருவோம். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர் பெயர் முத்தையா. பக்கத்தில் ஒரு பட்டாசு கம்பெனியில் போர்மேன். ஐம்பதைத் தாண்டியவர். அதிகம் பேசாதவர்.

"வாங்க. தண்ணி குடிக்கீகளா?"

"இருக்கட்டும் அண்ணாச்சி. வண்டிய ஏன் குடுக்கீக?"

"முழங்கால் வலி. மக ஸ்கூட்டரு வாங்கித் தாரேன்னு சொல்லுதா."

ஸ்டாண்டைப் போட்டார். ஒரே மிதி. வண்டி கிளம்பிவிட்டது. சின்னதாக, சீராக, அடுத்த அறையில் யாரோ தையல் மெஷின் மிதிப்பது போல ஒரு சத்தம்.

நான் கணேசனைப் பார்த்தேன். அவன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு என்னைத் தனியே இழுத்தான்.

"ஏமாந்துராதீக. அம்புட்டுத் தூரம் தள்ளிக்கிட்டு வந்தாருல்ல, அதுலயே இன்ஜினு உசுரு பிடிச்சிருச்சு. காலைல வீட்டு வாசல்ல நின்னு மிதிச்சுப் பாருங்க, அப்பத் தெரியும்."

"எதாச்சும் குறை இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டேன். மரியாதைக்குக் கேட்கிற கேள்வி. யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். அவர் சொன்னார்.

"இருக்கே. மழை பெஞ்சா இடது பக்க இண்டிகேட்டர் எரியாது. பெட்ரோல் முள்ளு வேலை செய்யாது, டேங்க்கக் குலுக்கித்தான் பாத்துக்கிடணும். ஸ்டாண்டு ஸ்பிரிங்கு கொஞ்சம் லூசு."

கணேசன் கண்ணடித்தான். கேட்டதுமே மூன்று குறை சொல்கிறவர் இன்னும் முப்பது குறையை மறைக்கிறார் என்பது அவன் கணக்கு. மீட்டரைக் காட்டி, "சார், இது நெலாவுக்குப் போயிட்டுப் பாதி வழி திரும்பி வந்திருக்கு" என்றான்.

முத்தையா பக்கவாட்டு மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்பக்கத்தில் எண்ணெய் மாற்றிய தேதிகளை வரிசையாக எழுதி வைத்திருந்தார். ஒரு தடவை தவறவில்லை. நான் குனிந்து உற்றுப் பார்த்தேன். எல்லாத் தேதிக்கும் எதிரே ‘ஆயில் மாற்றம்’ என்பதில் புள்ளி வைத்த ‘ற்’-ஐ விட்டுவிட்டு ‘ஆயில் மாறம்’ என்று எழுதியிருந்தது. என் கண்ணில் பட்டது அந்தப் பிழைதான். தேதிகள் படவில்லை.

அவர் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து ஒரு ரவுண்டு போய் வந்தேன். "யோசிச்சுச் சொல்லுதோம் அண்ணாச்சி" என்றோம். "சரி" என்றார். அவ்வளவுதான். திரும்பி வண்டியில் ஏறி ஓட்டிப் போனார். வீட்டுக்கு நூறு அடி இருக்கும்போதே இன்ஜினை நிறுத்தி, இறங்கி, மறுபடி தள்ளினார்.

"பாத்தீகளா, திரும்பிப் போகவே வழியில்ல, நின்னு போச்சு!" என்றான் கணேசன்.

வீட்டுக்கு வந்ததும் எஸ்தர் என் பின்பக்கத்தைப் பார்த்துச் சிரித்தாள். சர்ச்சுக்குப் போட்டுப் போன வெள்ளைப் பேண்ட். முத்தையா வண்டி சீட்டில் படிந்திருந்த பட்டாசு மருந்தின் வெள்ளித் தூள் அச்சடித்தது போல ஒட்டியிருந்தது.

"என்னங்க, பின்னால தீவாளி வந்திருக்கு? வண்டி என்னாச்சு?"

"வேண்டாம்னுட்டோம். தள்ளிக்கிட்டு வாராரு."

"ஏன் தள்ளுதீகன்னு கேட்டீகளா?"

"எப்படிக் கேக்க? மனுசன் சங்கடப்படுவாருல்ல?"

"நான் தினம் முப்பது பேருகிட்ட வெளிக்குப் போச்சான்னு கேக்குதேன். ஒருத்தரும் சங்கடப்படல. உங்களுக்கு ஒரு வண்டிக்காரருகிட்ட ஒரு கேள்வி கேக்க முடியல."

உபதேசியார் ஓட்டிய வண்டி

அடுத்து விருதுநகரில் பழைய வண்டி விற்கும் கடை ஒன்று. வாசலில் இருபது வண்டிகள் மெழுகு பூசி வரிசையாக நின்றன. கடைக்காரர் சந்தன மணத்தோடு வந்தார். என் பெயரைக் கேட்டார். சாமுவேல் என்றேன். அவர் முகம் மலர்ந்தது.

"சார், உங்களுக்குன்னே ஒரு வண்டி நிக்கிது. ஒரு உபதேசியார் வச்சிருந்தது. கோயிலுக்கும் ஜெபக் கூட்டத்துக்கும் போறதத் தவிர வேற ஓட்டம் கிடையாது."

சிவப்பு வண்டி. தகதகவென்று இருந்தது. மீட்டரில் ஓட்டம் கொஞ்சம்தான். தொட்ட உடனே கிளம்பியது. கணேசன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "சங்கீதம் சார்" என்றான்.

என் தொழில் புத்தி அப்போதும் வேலை செய்யாமல் இல்லை. கியர் பெடலின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்து இரும்பு தெரிந்தது. பார்த்தேன். இவ்வளவு கொஞ்சம் ஓடிய வண்டியில் ரப்பர் ஏன் இப்படித் தேய வேண்டும் என்றும் யோசித்தேன். எப்பேர்ப்பட்ட ஊழியம் செய்திருந்தால் அந்த மனுஷனின் கால் இப்படித் தேய்த்திருக்கும் என்று மனம் நெகிழ்ந்தேன்.

சுற்றி வந்து பார்க்கும்போது சைலன்சரில் வலது காலை வைத்துச் சுட்டுக்கொண்டேன். நல்ல சூடு. ஆடுசதையில் காசளவு கொப்புளம். நாங்கள் வருவதற்கு முன்னால் யாரும் ஓட்டாமல் கடைவாசலில் நின்ற வண்டி, அரை நிமிஷம் ஓடியதற்கா இப்படிச் சுடும்? அந்தக் கேள்வி என் காலுக்கு வந்தது. தலைக்கு வந்து சேரவில்லை.

அன்றைக்குக் காலண்டரில் துலாமுக்கு ‘லாபம்’. சரி, இன்றைக்கு நான் துலாம் என்று கையெழுத்துப் போட்டேன்.

முற்பகல்

பணியில் சேரும் நாள் வந்தது. "மொத நாளு டியூட்டி மாதிரி வெள்ளனப் போக வேண்டாம்ல, ரெண்டு பஸ்ஸு மாறியாவது போயிருவோம். இப்பவே கெளம்பினா சரியா இருக்கும்" என்றாள் எஸ்தர். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "வண்டி எதுக்கு வாங்கியிருக்கு?" என்றேன். அவள் உத்தரவை பிளாஸ்டிக் உறையில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள்.

சிவகாசி தாண்டும் வரைக்கும் உபதேசியார் வண்டி பக்தியாகத்தான் போனது. தாயில்பட்டி தாண்டியதும் இருமல். பிறகு பின்னால் நீலப் புகை. பிறகு ஒரு விக்கல். இரண்டு பக்கமும் கரிசல் காடு, நடுவில் நாங்கள், அடியில் அசையாத சிவப்பு.

மிதித்தேன். ஆற விட்டு மிதித்தேன். பழைய ஞாபகத்தில் இடது பக்கம் சாய்த்துப் பத்து எண்ணி மிதித்தேன். எஸ்தர் சிரிக்கவில்லை.

"டாக்டரம்மா ஒம்பது மணிக்கு மீட்டிங்குக்குக் கெளம்பிருவாகளாம். அதுக்குள்ள அவுகளப் பாத்து ரிப்போர்ட் குடுக்கணும். சாயங்காலந்தான் திரும்புவாகளாம்" என்றாள். குரலில் கோபமே இல்லை. அவள் திட்டியிருந்தால் தேவலை. மணி எட்டேகாலுக்கு மேல் ஆகியிருந்தது. இன்னும் ஏழெட்டு கிலோமீட்டர். கம்பெனி வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. கையை நீட்டி நீட்டிப் பார்த்தேன். உள்ளிருந்த பெண்கள் பாவமாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். எத்தனை வருஷம் காத்திருந்து வந்த உத்தரவு. அது என் ரோஷத்தால் ஒரு காட்டு ரோட்டில் நின்றுகொண்டிருந்தது. அவள் அந்த பிளாஸ்டிக் உறையை வெயில் படாமல் முந்தானையால் மூடினாள். இன்றைக்கும் என்னால் சிரிக்க முடியாத ஒரே இடம் அதுதான்.

அப்போது பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. அடுத்த அறையில் யாரோ தையல் மெஷின் மிதிப்பது போல.

முத்தையா நிறுத்தினார். என்னைப் பார்த்தார். சிவப்பு வண்டியைப் பார்த்தார். எஸ்தரே சொன்னாள்.

"அண்ணாச்சி, ஆஸ்பத்திரில வேலைக்குச் சேரணும். ஒம்பதுக்குள்ள போகணும்."

"ஏறுங்க சிஸ்டர்." என் பக்கம் திரும்பி, "அடுத்த திருப்பத்துல எங்க கம்பெனி கேட்டு. அங்கன போயி நில்லுங்க. வந்து மெக்கானிக்கப் பிடிச்சுத் தாரேன்."

எஸ்தர் ஏறிக்கொண்டே என்னைக் கேட்டாள். "இதுதான அந்தத் தள்ளுத வண்டி?"

நான் பதில் சொல்வதற்குள் அது கண்ணுக்கு மறைந்துவிட்டது.

வரிசை

சிவப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். திருப்பத்தில் மண்பாதை. அதன் தொடக்கத்தில் சுண்ணாம்பு அடித்த ஒரு கல். எனக்கு முன்னால் வந்துகொண்டிருந்த ஒருவர் அந்தக் கல்லருகே இன்ஜினை நிறுத்தி, இறங்கித் தள்ளினார். பாவம், அவருக்கும் ரிப்பேர் என்று நினைத்தேன். பின்னால் வந்தவரும் நிறுத்தினார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர். அவர்களும்.

நிமிர்ந்து பார்த்தேன். கேட்டு வரைக்கும் நாற்பது ஐம்பது பேர் ஆளுக்கொரு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு இன்ஜின் சத்தம் இல்லை. மண்ணில் டயர் உருளும் சத்தம், செருப்புச் சத்தம், தூக்குச்சட்டி ஹேண்டில்பாரில் இடிக்கும் சத்தம், அவ்வளவுதான். கல்லுக்கு அந்தப் பக்கம் வண்டி ஓடக் கூடாது. ஒரு பொறி போதும். அது ஏன் என்று இந்தப் பக்கத்தில் யாரும் யாருக்கும் விளக்கிச் சொல்வதில்லை. தெரியாத வீடு கிடையாது.

இத்தனை வருஷம் சிவகாசியில் சம்பளம் வாங்குகிறவன் நான். எனக்கும்தான் தெரியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு தெருவில் ஒரு மனிதர் வண்டி தள்ளுவதைப் பார்த்தபோது, அவர் கை பட்டாசுக் கம்பெனிக்குப் பழகிய கை என்று எனக்குத் தோன்றவில்லை.

நான் வெட்கத்தோடு வரிசையில் நடந்தேன். அத்தனை நல்ல வண்டிகளுக்கு நடுவில் நிஜமாகவே ஓடாத வண்டி என்னுடையது ஒன்றுதான். அது யாருக்கும் தெரியவில்லை.

வாட்ச்மேன் பாராட்டினார். "புது ஆளா? கல்லுக்கு முன்னாலயே ஆஃப் பண்ணிட்டீக போல. நல்ல பழக்கம். செல்போனக் குடுங்க."

"அண்ணே, நான் வந்து..."

"தீப்பெட்டி, பீடி?"

"கெடையாது. ஆனா நான்..."

"அந்தத் தகட்டுல கைய வச்சிட்டுப் போங்க."

வாசலில் ஒரு பித்தளைத் தகடு. உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்குவதற்காம். பின்னால் வந்த அக்கா, "அண்ணே, வச்சிட்டு நகருங்க, நேரமாவுது" என்றார். வைத்தேன். யார் சொன்னாலும் கேட்கிற சுபாவம் எனக்கு. இன்னும் ஐந்து நிமிஷம் விட்டிருந்தால் உள்ளே போய்ச் சங்குசக்கரம் செய்திருப்பேன்.

அரை மணி நேரத்தில் முத்தையா வந்தார். கல்லருகே நிறுத்தி, தள்ளிக்கொண்டு.

"டாக்டரம்மா வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டு இருந்தாக. சிஸ்டரப் பாத்ததும் கழத்திட்டு உள்ள கூட்டிட்டுப் போனாக. கையெழுத்துப் போட்டாச்சு."

நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"அண்ணாச்சி, அந்த வண்டி இன்னும் விலைக்கு இருக்கா?"

அவர் என் சிவப்பு வண்டியைப் பார்த்தார். "உங்ககிட்டதான் வண்டி இருக்கே" என்றார். அவர் அடித்து நான் கேட்ட ஒரே ஜோக் அதுதான். அதுவும் ஜோக்தானா என்று நிச்சயமில்லை.

நானா?

அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்கே எஸ்தர் என்னைத் தாயில்பட்டிக்கு இழுத்துப் போனாள். கணேசனும் வந்தான். ஆனால் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி வரவில்லை.

முத்தையா வீட்டு வாசலில் வண்டி பனியில் நனைந்து நின்றது. எஸ்தர் புறங்கையை இன்ஜின் மேல் வைத்தாள். காய்ச்சல் பார்க்கிற அதே கை.

"குளுந்து கெடக்கு. அண்ணாச்சி, இப்ப ஒரு மிதி மிதிங்க."

ஒரே மிதி. தையல் மெஷின்.

எஸ்தர் என் பக்கம் திரும்பினாள். "அந்தச் சிவப்ப இப்படித் தொட்டுப் பாத்தீகளா?"

"பாத்தேன். சுட்டுச்சு."

"காய்ச்சக்காரனத் தொட்டுப் பாத்துட்டு ஆரோக்கியமா இருக்கான்னு எழுதிட்டு வந்திருக்கீக. ராத்திரி பூரா பட்டினியா கெடக்கச் சொல்லி, காலைல வெறும் வயித்துல பாக்கணும். மனுசனுக்கு மட்டுமா அது?"

பழைய வண்டி வாங்குவதைப் பற்றி நான் கேட்ட அத்தனை உபதேசத்திலும் உருப்படியானது இதுதான். சொன்னவளுக்கு வண்டியின் பிளக் எங்கே இருக்கும் என்று தெரியாது.

இந்தத் தடவை கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன். "அண்ணாச்சி, அன்னைக்கு வீட்ல இருந்து ஏன் தள்ளிக்கிட்டு வந்தீக?"

"எங்க தள்ளுனேன்?"

"தண்ணித் தொட்டி வரைக்கும்."

"நானா?" நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "இங்கன எதுக்கு நான் தள்ளப் போறேன்? கம்பெனிக்கிட்டதான தள்ளுவோம்."

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "இருவது வருசமா தள்ளிக்கிட்டுதான இருக்காக! வாசல்ல ஒரு நா ஸ்டார்ட் பண்ணி, பெண்டாட்டிய ஏத்திக்கிட்டுப் போனதுண்டா? தெருமுனை வரைக்கும் நான் பின்னாலயே நடக்கணும்."

"இவ ஒருத்தி. என்னத்தையாச்சும் சொல்லுவா" என்றார் முத்தையா. சொல்லிக்கொண்டே இன்ஜினை நிறுத்தி, வண்டியை எங்களிடம் ஒப்படைப்பதற்காகத் தெருமுனை வரைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார். நாங்கள் பின்னாலேயே நடந்தோம்.

சிவப்பு வண்டியைக் கடைக்காரரே பாதி விலைக்கு எடுத்துக்கொண்டார். அடுத்து எந்தப் புண்ணியவானுக்கு எந்த உபதேசியாரைச் சொல்லி விற்றாரோ.

போன மாதம்

வருஷங்கள் ஓடிவிட்டன. கறுப்பு வண்டி ஒரு நாளும் எஸ்தரை டியூட்டிக்குத் தாமதமாக்கியதில்லை. அவள் எனக்கு ஒரு சட்டம் போட்டிருக்கிறாள். ஆஸ்பத்திரி வளைவிலேயே இன்ஜினை நிறுத்தி, உள்ளே தள்ளிக்கொண்டு வர வேண்டும். "பொறந்த பிள்ளைக தூங்குது. அந்த அண்ணாச்சி அன்னைக்கு என்னைய எறக்கிவிட வந்தப்பவும் அப்படித்தான் வந்தாக" என்பாள். நானும் தள்ளுகிறேன். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை.

போன மாதம் எஸ்தர், "இத வித்துட்டு பட்டன அமுக்குனா கெளம்புத ஸ்கூட்டரு ஒண்ணு வாங்குவோங்க" என்றாள். சரி என்று செல்போனில் விளம்பரம் போட்டேன். சிவகாசியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஆமத்தூரில் எங்கள் தெருமுனைக் கடை நிழலில் நின்றார்கள். நான் வீட்டிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

பாதித் தெருவில்தான் கவனித்தேன். ஒருவன் மற்றவனின் காதருகே குனிந்தான். என்ன சொல்லியிருப்பான் என்று எனக்கு எழுத்துப் பிசகாமல் தெரியும். அப்போதுதான் என் கைகளைப் பார்த்தேன். இரண்டும் ஹேண்டில்பாரில் இருந்தன. கால்கள் இரண்டும் தரையில் இருந்தன.

ஏன் தள்ளுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பக்கத்தில் போய் நின்று, ஸ்டாண்டைப் போட்டு, ஒரே மிதியில் கிளப்பினேன். அவர்கள் முகம் மாறவில்லை.

"எதாச்சும் குறை இருக்கா சார்?"

"இருக்கே" என்றேன். "மழை பெஞ்சா இடது பக்க இண்டிகேட்டர் எரியாது. பெட்ரோல் முள்ளு வேலை செய்யாது. ஸ்டாண்டு ஸ்பிரிங்கு லூசு."

"யோசிச்சுச் சொல்லுதோம் சார்."

"சரி" என்றேன். அவ்வளவுதான்.

வாசலில் எஸ்தர் நின்றுகொண்டிருந்தாள். "என்னங்க, பிடிக்கலையாமா?"

"பிடிக்கல போல. காரணம் சொல்லல."

மாத்திரை சாப்பிட்டேன் என்று பொய் சொல்கிற நோயாளியைப் பார்ப்பது போல என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "நாளைக்கு எனக்குக் காலை டியூட்டி. வண்டியத் தொடச்சு வைங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

துடைத்து வைத்தேன். விளம்பரத்தை எடுத்துவிட்டேன்.